தக தக தக, தகிட தகிட: துவோர்ஷாக்கின் நான்கு நிமிட நடனம்

வலது கையால் ரூபக தாளம் போடத் தொடங்குங்கள். கச்சேரிகளில் பலரும் தொடையில் போடுகிற எளிய முறை போதும்: தட்டு, தட்டு, வீச்சு. நான்கு சுற்று சென்றால் 12 எண்ணிக்கை. இனி கையை நிறுத்தாமல் வாயால் இதைச் சொல்லுங்கள்: தக, தக, தக, தகிட, தகிட. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று. கூட்டினால் அதே 12தான்.

முதல் 'தக' தட்டில் விழும். இரண்டாவது 'தக' வீச்சில் தொடங்கும். மூன்றாவது, அடுத்த சுற்றின் இரண்டாம் தட்டில் தொடங்கும். கை ஒரு கணக்குச் சொல்ல வாய் வேறு கணக்குச் சொல்லும். ஆறு எண்ணிக்கைக்கு இரண்டும் மல்லுக்கட்டும். ஏழாவது எண்ணிக்கையில் 'தகிட' தொடங்கும்போது கையும் வாயும் ஒரே இடத்தில் வந்து சேரும். அந்த இடத்தில் உடம்பு தானாக நிமிரும். மிருதங்கத்தில் ஒரு மோரா, அதாவது முடிப்புச் சொற்கட்டு, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழும்போது சபையில் தலைகள் அசைகின்றனவே, அதே நிமிர்வு.

இதைப் பத்து முறை செய்து பழகியவர், செக் இசையமைப்பாளர் அன்டோனின் துவோர்ஷாக் 1878-இல் எழுதிய 'ஸ்லாவ் நடனங்கள்' தொகுப்பின் எட்டாவது நடனத்துக்குள் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டார். ஓபஸ் 46, எண் 8 என்று தேடினால் கிடைக்கும். முழு ஆர்கெஸ்ட்ரா வாசிப்பது. ஏறக்குறைய நான்கு நிமிடம். மேற்கத்திய செவ்வியல் இசையை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் இதைத்தான் சொல்கிறேன். நீளமான சிம்பொனிகளையும் அமைதியான இரவுப் பாடல்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாளம் தெரிந்த காதுக்கு, தாளத்தின் வழியாகவே திறக்கிற கதவு இது.

நான் சென்னையில் கர்நாடக வயலினில் தொடங்கி, பின்னர் மேற்கத்திய முறைக்கு வந்தவன். இப்போது ஒரு சிறு குழுவில் இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்கிறேன். தொழில்முறைக் கலைஞர்கள் அல்ல நாங்கள். வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு தேவாலயத்தின் பக்கக் கூடத்தில் கூடுகிறவர்கள். இந்த நடனத்தைப் பல ஆண்டுகள் வெளியிலிருந்து கேட்டிருக்கிறேன். உள்ளே உட்கார்ந்து வாசித்தபோதுதான் அதன் எலும்பும் நரம்பும் தெரிந்தன. அதனால் கேட்பதைப் பற்றியும் வாசிப்பதைப் பற்றியும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல். நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்பில் திரைப்பாடல் பாடும் மெல்லிசைக் குழு நினைவுக்கு வரும். இங்கே பேசுவது வேறு அமைப்பு. இடமிருந்து வலமாக அரைவட்டத்தில் தந்தி வாத்தியங்கள்: முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ். அவற்றுக்குப் பின்னால் மர ஊதுகருவிகள்: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன். அதற்கும் பின்னால் ஹார்ன், டிரம்பெட், டிரோம்போன் ஆகிய பித்தளைக் கருவிகள். கடைசியில் டிம்பனி, பெரிய முரசு, சிம்பல், முக்கோணக் கம்பி. நகரத்துக்கு நகரம் எண்ணிக்கை மாறும். 60, 70 பேர் என்பது சாதாரணம். ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் வாசிக்க வேண்டியது மட்டும் எழுதிய தாள் இருக்கும். எல்லாருடைய பங்கும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி எழுதிய முழுப் பிரதி, முன்னால் நின்று கையசைத்துக் குழுவை வழிநடத்தும் நடத்துநரிடம் இருக்கும்.

சிம்பொனி என்பது இந்தக் குழுவின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு படைப்பு வகை. வழக்கமாக நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட ஆக்கம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியபோது என் தெருவில் தேநீர்க் கடை வரைக்கும் அந்தச் சொல் வந்து சேர்ந்தது. எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. நாம் பேசுகிற நடனம் சிம்பொனி இல்லை. அதே ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் ஒரு தனித் துண்டு.

துவோர்ஷாக் 1841-இல் பிராகுக்கு வடக்கே நெலஹோசெவெஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை கசாப்புக் கடைக்காரர், சத்திரமும் நடத்தினார். சத்திரம் என்றால் கூட்டம், கூட்டம் என்றால் ஆட்டமும் பிடிலும். அந்தச் சூழலில்தான் சிறுவன் வளர்ந்தான். பிறகு பிராகில் ஒரு நாடக அரங்கின் ஆர்கெஸ்ட்ராவில் ஏறக்குறைய பத்தாண்டுகள் வயோலா வாசித்தார். வயோலா வரிசை ஆர்கெஸ்ட்ராவின் நடுவில் இருக்கும். மெட்டு அங்கே அபூர்வமாகத்தான் வரும். ஆனால் மேலே என்ன நடக்கிறது, கீழே என்ன நடக்கிறது என்பது அந்த நாற்காலியில்தான் நன்றாகக் கேட்கும். இந்த மனிதர் எழுதிய இசையில் நடுவில் இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதே இல்லை. இரண்டாம் வயலின்காரனாக நான் அவருக்கு நன்றி சொல்லக் காரணம் அதுதான்.

வறுமையில் இருந்த இளம் கலைஞர்களுக்கு ஆஸ்திரிய அரசு அப்போது உதவித்தொகை கொடுத்துவந்தது. துவோர்ஷாக் அதற்கு விண்ணப்பித்தார். தேர்வுக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான்னஸ் பிராம்ஸ். அனுப்பப்பட்ட இசைத் தாள்களைப் பார்த்து வியந்த பிராம்ஸ், 1877-இல் பெர்லினில் தன் பதிப்பாளரான சிம்ரோக்குக்கு எழுதி இவரைப் பரிந்துரைத்தார். பிராம்ஸின் 'ஹங்கேரிய நடனங்கள்' நன்றாக விற்றிருந்ததால், அதே மாதிரி ஸ்லாவ் இன நடனங்களை எழுதித் தாருங்கள் என்று சிம்ரோக் கேட்டார். 1878-இல் எட்டு நடனங்கள் வந்தன. முதலில் ஒரே பியானோவில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு கையால் வாசிக்கும் வடிவம். அதே ஆண்டிலேயே ஆர்கெஸ்ட்ரா வடிவம். இசைத்தட்டு இல்லாத காலத்தில் வீட்டுப் பியானோதான் மக்களின் வானொலி. தாள்கள் பறந்தன. அதுவரை பிராகுக்கு வெளியே பெரிதாக அறியப்படாத பெயர் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது.

இதில் நான் முக்கியமாக நினைக்கும் ஒன்று உண்டு. பிராம்ஸ் தன் ஹங்கேரிய நடனங்களில் பெரும்பாலும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மெட்டுகளை எடுத்தாண்டார். துவோர்ஷாக் நாட்டு நடனங்களின் தாள நடையை மட்டும் எடுத்துக்கொண்டு மெட்டைத் தானே போட்டார். காவடிச் சிந்தின் சந்தத்தை வைத்துக்கொண்டு ஒருவர் புது மெட்டு கட்டுவதை நினைத்துப் பாருங்கள். கேட்பவருக்கு ஊர் வாசனை அடிக்கும். பாட்டு மட்டும் எந்த ஊரிலும் அதற்கு முன் பாடப்பட்டதில்லை.

எட்டாவது நடனத்தின் வகைக்கு ஃபூரியன்ட் என்று பெயர். செக் மொழியில் அந்தச் சொல்லுக்கு வீறாப்புக்காரன், மார்தட்டிக்கொள்பவன் என்று பொருள். அதன் தாளத்தைத்தான் முதல் பத்தியில் நீங்கள் தொடையில் போட்டீர்கள். எழுதியிருப்பது மூன்று மூன்றாக. கேட்பதோ முதலில் இரண்டு இரண்டாக, பிறகு மூன்று மூன்றாக. மேற்கத்திய இசையில் இந்த உத்திக்கு ஹெமியோலா என்று பெயர். நம் லய மரபில் இதைவிடச் சிக்கலான கணக்குகள் ஏராளம். தனி ஆவர்த்தனத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது பாலபாடம். ஆனால் இந்தப் பாலபாடத்தை 70 பேர் சேர்ந்து, கடும் வேகத்தில், சிம்பலும் டிரோம்போனும் கூட இறங்க, ஒரே மூச்சில் சொல்லும்போது அது வேறு விலங்காகிவிடுகிறது.

கேட்கும்போது

முதல் முறை கேட்பதற்கு ஒரே ஒரு வேண்டுகோள். காதில் மாட்டும் கருவியோ நல்ல ஒலிபெருக்கியோ வைத்து, அமைதியான அறையில் கேளுங்கள். மெட்ரோவிலோ பஸ்ஸிலோ வேண்டாம். இந்த நடனத்தில் உரத்த இடமும் மெல்லிய இடமும் அடுத்தடுத்து வரும். சத்தமுள்ள இடத்தில் கேட்டால் மெல்லிய பகுதிகள் காணாமல் போகும்; நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள்; அடுத்த கணம் முழுக் குழுவும் காதுக்குள் இடிக்கும். கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்டால் டபுள் பேஸும் பெரிய முரசும் இருந்த இடமே தெரியாது.

தொடக்கத்தில் எந்த முன்னுரையும் இல்லை. ஆலாபனை இல்லை, சுருதி சேர்த்து நிதானமாக உள்ளே அழைத்துப் போவதும் இல்லை. கதவை உதைத்துத் திறப்பது போல முழு ஆர்கெஸ்ட்ராவும் ஜி மைனரில் இறங்கும். 'தக தக தக' அங்கேயே தொடங்கிவிடும். முதல் முறை அதைப் பிடிக்க முடியாவிட்டால் கவலை வேண்டாம். அதே வாக்கியம் பல முறை திரும்பி வரும். நமது பல்லவி போல. இரண்டாவது வருகையில் கை தானாகத் தொடையைத் தேடும்.

சற்று நேரத்தில் வெளிச்சம் மாறும். மைனர் மேஜராகும். இதை விளக்க எனக்குக் காந்தாரத்தைவிட நல்ல வழி தெரியவில்லை. ஜி என்ற சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், மைனரில் ஒலிப்பது சாதாரண காந்தாரம். மேஜரில் ஒலிப்பது அந்தர காந்தாரம். மற்ற சில சுரங்களும் சேர்ந்து மாறலாம். ஆனால் முகத்தை மாற்றுவது காந்தாரம்தான். கீரவாணியில் நின்றுகொண்டிருந்தவர் கண்ணிமைக்கும் நேரத்தில் சங்கராபரணத்தில் நிற்பதைப் போல. ஒரே ராகத்தில் ஊறிக் கிடக்கும் சுகத்துக்குப் பழகிய நமக்கு இந்தத் தாவல் முதலில் அவசரமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் புரிந்தது: கோபமாக மார்தட்டிய அதே ஆள், மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கிறான். ஆள் ஒருவன்தான். துவோர்ஷாக் இந்த இரண்டு முகங்களையும் நடனம் முழுவதும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்.

நடுப்பகுதியில் கூட்டம் விலகி இடம் விடும். பித்தளையும் முரசும் அடங்கி, மர ஊதுகருவிகள் முன்னே வரும். கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜனின் வாசிப்பில் நாகசுரத்தின் தம்பியாகக் கேட்டு வளர்ந்தவர்கள், அதே கருவி இங்கே கமகம் இல்லாமல் நேர்க்கோடாக நிற்பதைக் கவனியுங்கள். இங்கே அழகு ஒரு சுரத்தின் அசைவில் இல்லை. பல சுரங்கள் ஒரே நேரத்தில் அடுக்காக ஒலிப்பதிலும், அந்த அடுக்கு மெல்ல நிறம் மாறுவதிலும் இருக்கிறது. கர்நாடகக் காதுக்கு இதுதான் உண்மையிலேயே புதிய பாடம். தாளம் நமக்குத் தெரியும். மெட்டும் தெரியும். அடுக்கைக் கேட்கத்தான் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சிக்கு என் வழி இது. இரண்டாம் முறை கேட்கும்போது மெட்டை விட்டுவிடுங்கள். செல்லோவும் டபுள் பேஸும் எங்கே அடி வைக்கின்றன என்று மட்டும் பின்தொடருங்கள். வீட்டின் மாடியில் யாரோ நடப்பதைக் கீழிருந்து கேட்பது போலத் தொடக்கத்தில் மங்கலாக இருக்கும். சில தடவைகளில் காலடி தெளிவாகும். அதன் பிறகு நடுவில் இருப்பவர்களைத் தேடுங்கள்: இரண்டாம் வயலின், வயோலா. இவர்கள் மெட்டுக்கும் அடிக்கும் இடையே துடிப்பைத் தூவிக்கொண்டிருப்பார்கள். வில்லுப்பாட்டில் 'ஆமாம்' போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாமல் கதை நகராது.

நேரில் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். எழும்பூர் மியூசியம் தியேட்டர் போன்ற இடங்களில் சென்னையில் மேற்கத்திய இசை நிகழ்ச்சிகள் நடப்பதுண்டு. முதல் வரிசையில் உட்கார வேண்டாம். அங்கே முன்னால் இருக்கும் வயலின்கள்தான் கேட்கும். நடுவிலோ சற்றுப் பின்னாலோ உட்கார்ந்தால் எல்லாக் கருவிகளும் கலந்து வரும். செவ்வியல் ஆர்கெஸ்ட்ரா பெரும்பாலும் மைக் இல்லாமல் வாசிக்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். டிசம்பர் சபாக்களின் ஒலியளவுக்குப் பழகிய காதுக்கு முதல் ஐந்து நிமிடம் எல்லாமே தொலைவில் இருப்பதாகத் தோன்றும். பொறுத்திருங்கள். காது தன்னைத் திருத்திக்கொள்ளும். அதன் பிறகு ஒரு மெல்லிய புல்லாங்குழல் கூடம் முழுவதையும் கடந்து வந்து உங்களைத் தொடுவது, எந்த ஒலிபெருக்கியும் தராத அனுபவம்.

தாளம் போடலாமா என்று கேட்பார்கள். சபாவில் போடுவது போல ஓங்கிப் போட முடியாது. சுற்றியிருப்பவர்கள் அசையாமல் கேட்கும் வழக்கம் அங்கே. விரல் நுனியால் மடியில் போடுங்கள். நான் எப்போதும் போடுகிறேன்.

இந்த இசை நமக்கு முற்றிலும் அயல் என்று நினைக்கவும் தேவையில்லை. இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே இந்த ஊரின் காது இதைக் கேட்டுவிட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் வாழ்ந்த காலத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ஏறக்குறைய நாற்பது உருப்படிகள். நோட்டு சுரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டில் அமைந்தது. இவை அனைத்தும் சங்கராபரணத்தில் அமைந்தவை, அதாவது மேஜர். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று எந்தக் கச்சேரி மேடையிலும் பக்கத்தில் உட்காரும் அந்தக் கருவி, கோட்டைப் பக்கத்திலிருந்து வந்ததுதான். நான் கர்நாடக வயலினிலிருந்து மேற்கத்திய வயலினுக்குப் போனபோது வீட்டில் சிலர் வருந்தினார்கள். அவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

வாசிக்கும்போது

கருவி அதேதான் என்றாலும் உடம்பு புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்தவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கருவியைத் தாடைக்கும் தோளுக்கும் இடையே பிடிக்கப் பழகினேன். இடது கை சறுக்குவதை நிறுத்தி, ஒவ்வொரு சுரத்துக்கும் விரலை நேராக வைக்கப் பழகினேன். இவை எல்லாம் பழக்கத்தில் வந்துவிட்டன. கடினமாக இருந்தது வில்.

கர்நாடக வயலினில் வில்லை எங்கே மேலே தள்ளுவது, எங்கே கீழே இழுப்பது என்பது பெரும்பாலும் வாசிப்பவரின் பாணி. ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வரிசையில் எத்தனை பேர் இருந்தாலும் வில்கள் ஒரே திசையில் போக வேண்டும். முதல் வயலின் வரிசையின் தலைவர் முடிவு செய்வார். அதைப் பென்சிலால் தாளில் குறித்துக்கொள்வோம். பார்வைக்கு அழகு என்பதற்காக மட்டும் இப்படிச் செய்வதில்லை. கீழ்நோக்கிய இழுப்பில் வில்லின் எடையும் கையின் எடையும் சேர்ந்து அழுத்தம் இயல்பாகக் கூடும்; மேல்நோக்கிய தள்ளலில் அது குறையும். 'தக தக தக' என்பதில் எந்த அட்சரம் கனக்க வேண்டும், எது லேசாக வேண்டும் என்பது வில்லின் திசையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஒருவர் மாறிப் போனால் அந்த இடத்தில் கனம் சிதறும்.

என் முதல் ஒத்திகையில் நான் சிதறடித்தேன். இந்த நடனத்தின் வேகத்துக்கு பிரெஸ்டோ என்று பெயர். மிக விரைவு என்று பொருள். மேற்கத்தியத் தாளின் ஒரு கட்டத்தை 'பார்' என்பார்கள். நம் ஆவர்த்தனம் மாதிரி. இங்கே ஒரு பாரில் மூன்று எண்ணிக்கை; ஆனால் ஒரு பார் ஒரு நொடிகூட நீடிக்காது. அதனால் நடத்துநர் மூன்றையும் தனித்தனியாகக் காட்ட மாட்டார். ஒரு பாருக்கு ஒரு முறை கை இறங்கும். நான் கையைப் பார்த்தேன், அது மூன்று மூன்றாக இறங்கியது. காதில் கேட்டது இரண்டு இரண்டாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே தொலைந்து, ஒரு சிறு மௌனத்துக்குப் பிறகு நுழைய வேண்டிய இடத்தில் முன்னதாகவே நுழைந்துவிட்டேன். 20 பேர் அமைதியாக இருந்த கூடத்தில் என் வயலின் மட்டும் கேட்டது. அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழி காட்டியவர் என் அம்மா. அவர் மேற்கத்திய இசை கற்றவர் இல்லை. இளமையில் பாட்டுக் கற்று, சபாக்களில் கேட்டுப் பழகியவர். நான் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து, "இது ரூபகம்தானே? நடுவில் ஏன் இரண்டு இரண்டாகப் பிரிக்கிறார்கள்?" என்று கேட்டார். கையில் கரண்டியுடன் வந்து மேசையில் தட்டிக் காட்டினார். தட்டு, தட்டு, வீச்சு. வாயில் தக தக தக. எழுத்தில் எண்களாகப் பார்த்துக் குழம்பிய கணக்கு, அவர் கையில் ஒரே நிமிடத்தில் தெளிந்தது. அன்றிலிருந்து இந்த நடனத்தை நான் சொற்கட்டாகத்தான் மனத்தில் வைத்திருக்கிறேன். வாசிக்கும்போது உதடு அசைகிறது என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொல்கிறார். அசையட்டும்.

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பயிற்சி முறை அதிலிருந்து வந்ததுதான். முதல் வாரம் கருவியைத் தொடாதீர்கள். தாளம் போட்டுக்கொண்டே உங்கள் பங்கை வாயால் சொல்லுங்கள், மௌனங்களையும் சேர்த்து. மௌனத்தைச் சொல்வது எப்படி என்றால், அந்த எண்ணிக்கையில் மூச்சை உள்ளே இழுங்கள். வாசிக்காத இடத்தில் எண்ணாமல் இருப்பதால்தான் என்னைப் போன்றவர்கள் தவறி நுழைகிறோம். சிம்பல் வாசிப்பவரைப் பாருங்கள்: பல பார்கள் கைகட்டி நின்று, ஒரே ஒரு அடிக்காக எழுவார். அந்த நேரம் முழுவதும் அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். குழுவில் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று அது என்று நான் நம்புகிறேன்.

பிறகு கருவியில், முழு வேகத்தின் பாதியில் தொடங்குங்கள். சீரான வேகத்தில் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் வைத்து, ஒவ்வொரு நாளும் சிறிது கூட்டுங்கள். பாதி வேகத்திலும் நடனம் துள்ள வேண்டும். அங்கே துள்ளாதது முழு வேகத்தில் வெறும் ஓட்டமாகத்தான் இருக்கும். உரத்த இடங்களில் புதியவர்கள் வில்லை நீளமாக இழுப்பார்கள். இந்த வேகத்தில் நீள வில்லுக்கு நேரம் கிடையாது. குறுகிய வில், தந்தியோடு நெருக்கமான தொடுகை, வில்லை, தந்திகளைத் தாங்கும் பாலத்துக்குச் சற்று அருகில் கொண்டுபோவது. ஒலி தானாகப் பெருகும். மெல்லிய இடங்களில் வில்லின் நுனிப் பக்கம், விரல்பலகைக்கு அருகில், எடையே இல்லாமல்.

மெல்லிய இடங்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் துள்ளலான இசையை வாசிக்கும் குழுக்கள் தடுமாறுவது அங்கேதான். இத்தாலிய மொழியில் உரக்க என்பதற்கு ஃபோர்ட்டே, மெல்ல என்பதற்கு பியானோ. மெல்லவும் உரக்கவும் ஒலிக்க முடிந்ததால்தான் அந்தக் கருவிக்கே முதலில் பியானோஃபோர்ட்டே என்று பெயர் வந்தது. தாளில் பியானோ என்று இருக்கும்போது புதிய குழு இரண்டு தவறுகளைச் செய்யும். ஒன்று, வேகம் தளரும். இல்லாவிட்டால், உரக்க வாசித்த வெறி அடங்காமல் சத்தம் அப்படியே தொடரும். வேகம் குறையாமல் ஒலி மட்டும் குறைய வேண்டும். கேட்பவர் நாற்காலியின் நுனிக்கு வருவது அப்போதுதான். எங்கள் நடத்துநர் நான்கு நிமிட நடனத்தில் ஒன்றரை மணி நேரம் மெல்லிய பார்களை மட்டும் வாசிக்க வைத்த ஞாயிறு ஒன்று உண்டு. அலுப்பாக இருந்தது. கடைசியில் ஒரு முறை தொடக்கத்திலிருந்து வாசித்தபோது, உரத்த இடங்கள் முன்பைவிட இரண்டு மடங்கு பெரிதாக ஒலித்தன. அவற்றை யாரும் தொடவே இல்லை.

சென்னைக்கென்று சில தொல்லைகள் உண்டு. ஈரக்காற்றில், வயலினின் தந்தியை முறுக்கும் பிரடைகள் ஊதி இறுகிக்கொள்ளும். குளிரூட்டிய கூடத்தின் வறண்ட காற்றில் சுருங்கி நழுவும். வெளியே மழை, உள்ளே ஏசி என்றால் சுருதி நிற்காது. நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னதாகக் கருவியைக் கூடத்துக்குள் கொண்டுவந்து பெட்டியைத் திறந்து வையுங்கள். ஓபோ கொடுக்கும் ஏ சுரத்துக்கு எல்லோரும் சுருதி சேர்ப்பது மரபு. எங்களிடம் ஓபோ இல்லை, பியானோவிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். ஓபோ மட்டுமா, பஸூனும் இல்லை, ஹார்னும் இல்லை. இந்த ஊரில் வயலின் வாசிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்கள் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் தந்திக் கலைஞர்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கியிருக்கின்றன. மர ஊதுகருவிகளும் பித்தளையும் கற்பவர்கள் குறைவு. அந்தப் பங்குகளைக் கீபோர்டில் வாசித்துச் சமாளிக்கும் எங்களைப் போன்ற குழுக்களுக்கு, ஒரே ஒரு பஸூன் மாணவர் கிடைத்தால் அது திருவிழா. குழந்தைக்கு என்ன கருவி கற்றுத் தரலாம் என்று யோசிக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஓபோவையும் பஸூனையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

கற்க இடம் உண்டா என்றால், உண்டு. மவுண்ட் ரோட்டில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இன்றும் கருவிகள் விற்று, பாடமும் நடத்துகிறது. 2008-இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. தேவாலயப் பாடகர் குழுக்கள் இருக்கின்றன. 1893 முதல் இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் அந்த மரபின் பழைய வேர்.

குழு எதுவும் கிடைக்காதவர்களும் ஒதுங்கி நிற்க வேண்டாம். இந்த நடனம் பிறந்ததே நான்கு கைகளுக்காக. பியானோ கற்கும் இரண்டு மாணவர்கள், அக்காவும் தம்பியும், ஆசிரியரும் மாணவியும், ஒரே பலகையில் உட்கார்ந்து இதை வாசிக்கலாம். துவோர்ஷாக் 1904-இல் மறைந்துவிட்டதால் காப்புரிமை இல்லை. தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இடதுபக்கம் உட்காருபவர் டபுள் பேஸும் முரசும் ஆவார். வலதுபக்கம் உட்காருபவர் வயலினும் புல்லாங்குழலும் ஆவார். முழங்கைகள் இடித்துக்கொள்ளும். 1878-இல் ஐரோப்பிய வீடுகளிலும் அப்படித்தான் இடித்துக்கொண்டிருக்கும்.

முடிவை மட்டும் தனியாகப் பழகுங்கள். கடைசிப் பக்கத்தில் எல்லாம் ஓய்ந்துவிட்டதாகத் தோன்றும். ஒலி குறைந்து, நடனக்காரர்கள் தெருமுனையில் மறைவது போல இசை தேய்ந்துகொண்டே போகும். வாசிப்பவர்களின் தோள்கள் அங்கே தளர்ந்துவிடுகின்றன, அதுதான் ஆபத்து. வில்லின் நுனி தந்தியை விட்டு விலகாமல், கண் நடத்துநரின் கையை விட்டு விலகாமல், உள்ளே தகிட தகிட ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் மூச்சை இழுப்பது கேட்கும். நாமும் சேர்ந்து இழுக்கிறோம். அடுத்த நொடி முழு ஆர்கெஸ்ட்ராவும் ஜி மைனரில் பாய்ந்து, சில பார்களில் கதவை அறைந்து சாத்திவிடும். கடைசி அடி விழுந்ததும் வில்லை மேலே எடுத்து, நடத்துநரின் கை இறங்கும் வரை அப்படியே காற்றில் நிறுத்துங்கள்.